செயலாளர் ஆண்டறிக்கை: வார்ப்பிரும்போடு ஓர் ஆண்டு

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, செயற்குழு நண்பர்களே, உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

முடிந்த ஆண்டில் நம் மாதிரி எஞ்சின் சங்கத்தின் செயல்பாடுகளைப் பொதுக்குழுவின் முன் வைக்கிறேன். மாதக் கூட்டங்கள் தடையில்லாமல் நடந்தன. வரவு செலவைப் பொருளாளர் தனியாகப் படிப்பார். நூலகப் பொறுப்பாளரின் குறிப்பு உங்கள் கையில் இருக்கிறது. ஆகவே அறிக்கையின் பெரும்பகுதியை, இந்த ஆண்டு நம் எல்லோரையும் பிடித்து வைத்திருந்த ஒரே வேலைக்கு ஒதுக்குகிறேன்.

எல்லோரும் ஒரே எஞ்சினை, ஒரே அச்சில் வார்த்த வார்ப்பிரும்பு வார்ப்புகளிலிருந்து செய்வது என்று சென்ற பொதுக்குழுவில் தீர்மானித்தோம். 25 மி.மீ. துளையும் 25 மி.மீ. ஸ்ட்ரோக்கும் (பிஸ்டன் நகரும் தூரம்) 100 மி.மீ. ஃபிளைவீலும் (ஓட்டத்தைச் சீராக்கும் கனமான சக்கரம்) கொண்ட ஒற்றைச் சிலிண்டர் செங்குத்து நீராவி எஞ்சின் அது. அவரவர் வேலையை அவரவர் லேத்தில் (கடைசல் இயந்திரம்) செய்து, பாதி முடிந்த பாகத்தோடு கூட்டத்துக்கு வரவேண்டும் என்பது நிபந்தனை. முடித்துப் பளபளப்பாக்கிய பாகத்தைவிடப் பாதியில் நிற்கும் பாகத்தைப் பார்த்துத்தான் அதிகம் கற்றோம். இந்த முறையை விடாமல் தொடர வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

நம்மில் பலர் பித்தளையிலும் மைல்டு ஸ்டீலிலும் கை பழகியவர்கள். கம்பியாகவோ பட்டையாகவோ வரும் உலோகத்தில் ஏற்கெனவே நேரான ஒரு முகம் இருக்கும், அதைப் பிடித்துக்கொண்டு வேலையைத் தொடங்கிவிடலாம். வார்ப்பில் அப்படி எதுவும் கிடையாது. மணல் அச்சிலிருந்து எடுக்க வசதியாக எல்லாப் பக்கமும் சற்றே சரிந்திருக்கும், உள்ளே இருக்கும் துளையும் நடுவில் இருக்காது. எந்த முகத்தை முதலில் எடுப்பது, மற்ற அளவுகளை எங்கிருந்து தொடங்குவது என்று லேத்தைச் சுழலவிடும் முன்பே முடிவு செய்தாக வேண்டும். முதல் சில கூட்டங்கள் இந்தப் பேச்சிலேயே போயின. ஒரு பொழுதுகூட அதில் வீணாகவில்லை.

சிலிண்டர்தான் நல்ல பாடம். வார்க்கும்போதே விட்டுவைத்த துளையைப் பார்த்ததும் அதன் மையத்தையே எஞ்சினின் மையமாக எடுத்துக்கொள்ளத் தோன்றும். அது தப்பு. துளை விழுவதற்காக அச்சுக்குள் வைத்த மணல் உருளை, அதாவது கோர், கொஞ்சம் நகர்ந்திருந்தால் துளையும் ஒரு பக்கமாக ஒதுங்கியிருக்கும். அதன் பின்னாலேயே போனால் ஒரு பக்கச் சுவர் மெலிந்து, நீராவி போகும் வழி போரிங்கில், அதாவது துளையைக் குடைந்து பெரிதாக்கும்போது, உடைந்துவிடலாம். ஆகவே வெளிப்புற அளவுகளிலிருந்து மையத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். துளையில் இறுக்கமாக ஒரு மரக்கட்டையை அடித்து அடைத்து, அந்த மரத்தின் மேல் கோடுகளைக் கீறி மையம் குறிக்கும் பழைய பட்டறை வழக்கத்தை நம் மூத்த உறுப்பினர் ஒருவர் செய்துகாட்டினார். கீறிய வட்டத்துக்கும் வார்ப்பின் துளைக்கும் இருந்த விலகலைக் கண்ணால் பார்த்த பிறகு யாருக்கும் சந்தேகம் மிஞ்சவில்லை.

வெட்டுமுனை பொருத்திய தண்டான போரிங் பாரை லேத்தின் இரண்டு சென்டருக்கு (இரு முனைகளிலும் தாங்கும் கூர்முனைகள்) நடுவே பூட்டி, சிலிண்டரை லேத்தின் நகரும் மேடையான கிராஸ் ஸ்லைடின் மேல் இறுக்கிச் சிலர் துளையிட்டார்கள். 1775-இல் ஜேம்ஸ் வாட்டின் எஞ்சினுக்காக ஜான் வில்கின்சன் சிலிண்டர் குடைந்ததும் இந்த அடிப்படையில்தான். பார் சிலிண்டருக்குள் ஊடுருவி மறுபுறமும் வெளியே வந்து, இரு முனையிலும் தாங்கிக்கொண்டு சுழன்றது. அதற்கு முன் கிடைத்த சிலிண்டர்களில் பிஸ்டனைச் சுற்றி நீராவி ஒழுகியதே வாட்டைப் பல ஆண்டுகள் முடக்கிப் போட்டது. நம் 25 மி.மீ. துளைக்கும் அந்தத் தாங்கல்தான் பலம். ஒரு முனையில் மட்டும் பிடித்த மெல்லிய டூல் (வெட்டும் கருவி) உள்ளே போகப் போக வளையும், துளையும் வாயில் ஓரளவும் உள்ளே ஓரளவுமாக முடியும். துளை முடிந்ததும் சிலிண்டரை மாண்ட்ரலில் (துளைக்குள் இறுக்கமாகப் பொருந்தும் தண்டு) ஏற்றி இரு முகங்களையும் கடைந்தால் அவை துளைக்குச் செங்குத்தாக அமைந்துவிடும். மற்ற எல்லா அளவுகளும் அப்புறம் அந்தத் துளையையும் முகங்களையும் வைத்துத்தான்.

வெட்டும்போது மனதில் வைக்க வேண்டியது மேல்தோல். வார்ப்பின் மேல்பரப்பு சீக்கிரம் ஆறுவதால் உள்பகுதியைவிடக் கடினமாக இருக்கும், மணல் துகள்களும் ஒட்டியிருக்கும். பயந்து பயந்து மெல்லியதாகச் சீவினால் டூலின் முனை முழு நேரமும் அந்தத் தோலிலேயே தேய்ந்து மழுங்கிவிடும். முதல் வெட்டே தோலுக்கு அடியில் இறங்கும் அளவுக்கு ஆழமாக இருக்க வேண்டும். தோல் போன பிறகு வார்ப்பிரும்பைப் போல இணக்கமான உலோகம் குறைவு. அதனுள் செதில் செதிலாக இருக்கும் கிராஃபைட், சீவலைச் சுருளாக நீளவிடாமல் பொடியாக உடைக்கும், டூலுக்கு மசகாகவும் ஆகும். அதனால் வெட்டு எண்ணெயே தேவையில்லை.

வேகத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். ஹை ஸ்பீடு ஸ்டீல் டூலுக்கு வெட்டு வேகம் நிமிடத்துக்கு 15 மீட்டர் என்று வைத்துக்கொண்டால், 25 மி.மீ. துளைக்கு நிமிடத்துக்கு ஏறத்தாழ 190 சுற்று வரும். அதே கணக்கில் 100 மி.மீ. ஃபிளைவீலின் விளிம்புக்கு 48 சுற்றுதான். லேத்தின் வேகத்தைக் குறைக்கும் பேக் கியரைப் போடாமல் ஃபிளைவீலைத் தொடவே கூடாது.

ஃபிளைவீல்தான் இந்த ஆண்டின் பெரிய சோதனை. வார்ப்புகளில் சிலவற்றின் விளிம்பில் கடினத் திட்டுகள் இருந்தன. மெல்லிய ஓரங்கள் வேகமாகக் குளிரும்போது கரிமம் கிராஃபைட்டாகப் பிரியாமல் இரும்போடு சேர்ந்து கார்பைடு என்ற கடினமான சேர்மமாகவே தங்கிவிடுகிறது. அந்த இடத்துக்கு வந்ததும் டூல் கிறீச்சிடும், வெட்டாமல் வழுக்கும். பார்த்தால் கண்ணாடி போல ஒரு பளிச்சென்ற திட்டு தெரியும். ஓர் உறுப்பினர் டூலைத் திரும்பத் திரும்பத் தீட்டிப் பார்த்தும் அந்தத் திட்டு அசையவில்லை. வார்ப்பைச் சுமார் 850 முதல் 900 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்கி, அதே சூட்டில் சிறிது நேரம் வைத்து, உலைக்குள்ளேயே மெதுவாக ஆறவிட்டபோது கார்பைடு சிதைந்து திட்டு இளகிவிட்டது. மறுபடி லேத்தில் ஏற்றியபோது விளிம்பு முழுவதும் ஒரே சத்தத்தில் வெட்டியதை அவர் கூட்டத்தில் விவரித்த விதத்தை மறக்க முடியாது. இந்தச் சூட்டில் மேலே செதில் படியும், அளவும் சற்று மாறும். ஆகவே எதையும் இறுதி அளவுக்குக் கடையும் முன்பே இதைச் செய்துவிட வேண்டும். இனி வார்ப்பு கைக்கு வந்ததும் ஓரங்களில் எல்லாம் பழைய அரத்தை ஓட்டிப் பார்ப்போம். அரம் பிடிக்காமல் வழுக்கும் இடத்தில் சாக்பீஸால் ஒரு வட்டம் போட்டால், சிக்கல் எங்கே என்று முதல் நாளே தெரிந்துவிடும்.

காற்றுக்குமிழி ஓட்டைகளோடு வந்த சில வார்ப்புகளைத் திருப்பி அனுப்பினோம். மாற்று வந்து சேர நாளாயிற்று. அடுத்த முறை தேவைக்கு மேல் கொஞ்சம் கூடுதலாகவே வாங்க வேண்டும் என்று செயற்குழு முடிவு செய்திருக்கிறது.

நீராவி நுழையும் துவாரங்கள் உள்ள போர்ட் முகத்தை, சுழலும் கட்டரால் மில் செய்யும்போது, கட்டர் வெளியேறும் ஓரத்தில் வார்ப்பிரும்பு பொத்தென்று சில்லாக உதிரும். அந்த ஓரத்தை முன்கூட்டியே அரத்தால் சாய்த்துவிட்டவர்களுக்கு முகம் சுத்தமாக வந்தது. நீராவி வழிகளை மாற்றி மாற்றித் திறந்து மூடும் ஸ்லைடு வால்வு உட்காரும் அந்த முகத்தை எமெரிப் பொடியால் தேய்ப்பதா, ஸ்கிரேப்பரால் சுரண்டுவதா என்று நீண்ட விவாதம் நடந்தது. இரு தரப்பிலும் அனுபவசாலிகள் இருக்கிறார்கள். எமெரித் துகள் வார்ப்பிரும்பின் நுண்துளைகளில் புதைந்துகொண்டு, எஞ்சின் ஓடும் காலமெல்லாம் வால்வைத் தின்னும் என்பதால் நான் ஸ்கிரேப்பர் பக்கம்தான். துல்லியமான சமதளப் பலகையான சர்ஃபேஸ் பிளேட்டில் நீலம் தடவி, முகத்தை அதில் வைத்துத் தேய்த்து, நீலம் படிந்த மேடுகளை மட்டும் சுரண்டி எடுக்கக் கொஞ்சம் நேரம் பிடிக்கும், அவ்வளவுதான்.

பாதுகாப்பு குறித்து ஒரு வேண்டுகோள். வார்ப்பிரும்புப் பொடி எண்ணெயோடு சேர்ந்தால் லேத்தின் அடித்தளத் தண்டவாளமான பெட் (bed) பகுதியையே அரைத்துவிடும். வேலைக்கு முன் அந்தப் பகுதியை உலரத் துடைத்துவிட்டு மூடிவையுங்கள். மூடும் துணியோ காகிதமோ, வேலைப்பொருளைப் பிடித்துச் சுழலும் சக்கில் சிக்காத தூரத்தில் இருக்கட்டும். பொடியைக் காற்றடித்து ஊதாதீர்கள், உறிஞ்சியெடுங்கள். முகமூடியும் கண்ணாடியும் கட்டாயம்.

ஆண்டின் இறுதிக்குள் சில எஞ்சின்கள் அழுத்தக் காற்றில் ஓடின, ஒன்று நீராவியிலேயே ஓடியது. வார்ப்பிரும்புச் சிலிண்டரில் நீராவி தண்ணீராகித் தங்கினால் உடனே துருப்பிடிக்கும். ஓட்டி முடித்ததும் வடிகுழாயைத் திறந்து, சூடு இருக்கும்போதே சிலிண்டர் எண்ணெய் விட்டுக் கையால் சில சுற்று சுற்றிவையுங்கள்.

வரும் ஆண்டில் மீதி எஞ்சின்களை முடிப்பதும், வார்ப்பிரும்பிலேயே பிஸ்டன் ரிங் (பிஸ்டனைச் சுற்றி நீராவி ஒழுகாமல் தடுக்கும் வளையம்) செய்யும் பயிற்சி ஒன்று நடத்துவதும் செயற்குழுவின் திட்டம். உலையைத் தந்து உதவிய உறுப்பினருக்கும், புதியவர்களின் லேத்தடியில் பொறுமையாக நின்று கற்றுத்தந்த மூத்தவர்களுக்கும் சங்கத்தின் சார்பில் மனமார்ந்த நன்றி.

இந்த அறிக்கையை ஏற்றுக்கொள்ளுமாறு பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்