வெள்ளைச்சி இடது பக்கம் வாங்கிய கதை

பாளையங்கோட்டை,
ஆனிக் கடைசி.

அன்புள்ள கணேசா,

இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி பரவாயில்லை. சின்னவன் பள்ளிக்கூடம் போகிறான், படிக்கிறானா என்று கேட்காதே.

இனி விஷயத்துக்கு வருகிறேன். இதை உன்னிடம் சொல்லக் கூடாது என்று உங்கப்பா என்னிடம் சத்தியம் வாங்கப் பார்த்தார். நான் கொடுக்கவில்லை. போனில் சொன்னால் பாதியிலேயே வைத்துவிட்டு அவருக்கு அடித்துக் கத்துவாய். கடிதம் என்றால் கடைசிவரை படித்துவிட்டாவது கத்துவாய், அதனால்தான் எழுதுகிறேன். பதறாதே, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. விஷயம் உங்கப்பாவின் கார் வெள்ளைச்சியைப் பற்றியது.

போன மாதம் உங்கப்பாவைக் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிவர கல்லிடைக்குறிச்சி போனேன். சாவியைக் கொடுக்க அவருக்கு மனசே இல்லை. 'நீ ஓட்டுவியாலே?' என்று நாம் காலேஜில் படிக்கும்போது வண்டியைக் கொண்டுபோய் மோட்டார் பம்ப் செட்டில் இடித்த நாளை ஞாபகப்படுத்தினார். வீரவநல்லூர் வரை ஒன்றும் தெரியவில்லை. சேரன்மகாதேவி பஸ் ஸ்டாண்டு நெரிசலில் பிரேக்கை மிதித்து மிதித்து வெளியே வந்தேன் பார், அதற்கப்புறம் வண்டி இடது பக்கம் வாங்க ஆரம்பித்தது. பிடியைக் கொஞ்சம் தளர்த்தினாலே போதும், பத்தமடை வயலைப் பார்த்துத் திரும்புகிறது. நான் ஸ்டியரிங்கை வலது பக்கம் இழுத்துப் பிடித்துக்கொண்டு அவரைப் பார்த்தேன். அவர் ஜன்னல் வழியே நாற்று நடுகிறவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

'என்னப்பா இது?' என்றேன்.

'ரோடு சாய்வு' என்றார்.

பொய் இல்லை. மழைத்தண்ணீர் வடியட்டும் என்று தார் ரோட்டை நூற்றுக்கு 2, 2.5 என்ற கணக்கில் ஓரத்துக்குச் சாய்த்துத்தான் போடுவார்கள். நாம் இடது ஓரம் போகிறவர்கள், ஆகவே நல்ல வண்டியும் கையை விட்டால் மெல்ல இடது பக்கம்தான் ஒதுங்கும். ஆனால் ரோட்டின் சாய்வு வீரவநல்லூரில் இல்லாமல் பத்தமடையில் மட்டும் முளைக்குமா?

அடுத்த வாரம் நம்ம சிநேகிதன் தொப்பியின் அக்கா மகள் கல்யாணத்துக்கு நாகர்கோவில் போனோம், அதே வண்டியில். (கல்யாணம் ஜோர். தொப்பி இன்னும் அந்தப் பழைய கணக்கைக் கேட்கிறான். நீ கொடுத்துவிட்டதாகச் சொல்லிவிட்டேன்.) நாங்குநேரி தாண்டியதும் மறுபடி வாங்கியது. உங்கப்பா இப்போது கட்சி மாறினார். 'காத்துலே. ஆரல்வாய்மொழிக் காத்து. ஆனி ஆடியில லாரியையே தள்ளும்.' அதுவும் பொய் இல்லை. பணகுடி, முப்பந்தல் பக்கம் காற்றாலைகள் சும்மாவா நிற்கின்றன? தெற்கே போகும்போது மேற்குக் காற்று வலது பக்கத்திலிருந்து அடிக்கும், வண்டி இடது பக்கம் ஒதுங்கும். நான் வாயை மூடிக்கொண்டேன். திரும்பி வரும்போது அதே காற்று இடது பக்கத்திலிருந்து அடித்தது. நியாயமாகப் பார்த்தால் வண்டி வலது பக்கம் போக வேண்டும். அப்போதும் இடதுதான். காற்றையே எதிர்த்துக்கொண்டு இடது! அதிலும் டோல்கேட்டில் நின்று கிளம்பிய பிறகு இன்னும் மோசம். இதைச் சொன்னதும் உங்கப்பா தூங்குவதுபோல் கண்ணை மூடிக்கொண்டார்.

பிறகுதான் தெரிந்தது, அவர் எனக்கு முன்பே ஒரு கடைக்குப் போய் வீல் அலைன்மென்ட் பார்த்திருக்கிறார். இரண்டு தடவை. கம்ப்யூட்டர் தாளைக் காட்டினார், எல்லாக் கட்டமும் பச்சை. கணேசா, இந்தச் சின்ன வண்டிகளில் அந்தக் கடைக்காரர்கள் திருகுவது பெரும்பாலும் டோ ஒன்றைத்தான், அதாவது மேலிருந்து பார்த்தால் சக்கரங்களின் முன்பக்கம் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் அளவை. டோ தப்பாக இருந்தால் ஸ்டியரிங் கோணலாக நிற்கும், டயர் தேயும். வண்டி ஒரு பக்கமாக வாங்குவதற்கு அது காரணமாக இருப்பது அபூர்வம். கேம்பரும் (சக்கரத்தின் மேல்பக்கம் உள்ளேயோ வெளியேயோ சாயும் அளவு) கேஸ்டரும் (சக்கரம் திரும்பும் அச்சு முன்பின்னாகச் சாயும் அளவு) இரண்டு பக்கமும் வித்தியாசப்பட்டால் வாங்கும்தான், ஆனால் அவற்றைத் திருக இதில் வழியே கிடையாது. அவை மாறியிருந்தால் சக்கரத்தைத் தாங்கும் ஆர்மோ ஸ்ட்ரட்டோ வளைந்திருக்க வேண்டும், இல்லை அவற்றின் ரப்பர் புஷ் போயிருக்க வேண்டும். அதைக் குனிந்து பார்க்க யாருக்கு நேரம்? 'சைடு வாங்குது' என்று நாம் சொல்லி முடிப்பதற்குள் வண்டியை மேடையில் ஏற்றிவிடுகிறார்கள்.

ஐயாவும் விட்டாரா? 'டயரை மாத்தச் சொல்லு' என்று உங்கப்பாவிடம் நீ உபதேசம் செய்ததாகக் கேள்வி. ஆயிரம் மைலுக்கு அப்பால் உட்கார்ந்துகொண்டு வைத்தியம்! ஆனால் முழு மடத்தனம் என்று சொல்ல முடியாது. டயரின் உள்கட்டு ஒரு பக்கம் கோணினாலும் வண்டி வாங்கும். அதற்குப் புது டயர் வாங்க வேண்டாம். முன் டயர் இரண்டையும் இடம் மாற்றிப் போட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும். இழுப்பு பக்கம் மாறினால் குற்றவாளி டயர். மாறாவிட்டால் அது நிரபராதி. முதலில் காற்று பார்த்தேன், குறைந்த பக்கம்தான் வாங்கும் என்பதால். இரண்டும் 30. டயரை மாற்றிப் போட்டேன். வெள்ளைச்சி அசரவில்லை, அதே இடது.

கடைசியில் மேலப்பாளையம் மெக்கானிக் பாயிடம் போனேன். நம்ம பாய்தான், உன் புல்லட்டைப் பார்த்துச் சிரித்தவர். நான் முழு ராமாயணத்தையும் ஆரம்பித்தேன். அவர் கையைக் காட்டி நிறுத்திவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்: 'எப்ப வாங்குது? பிரேக் பிடிக்கும்போதா, விட்ட பொறவா?'

இதை யாரும் கேட்கவில்லையே!

முன்னீர்பள்ளம் வரை அவரே ஓட்டிப் பார்த்தார். பக்கத்தில் உட்கார்ந்து நானும் கவனித்தேன். பிரேக்கை மிதித்த அந்த நொடியில் மூக்கு வலது பக்கம் லேசாகத் திரும்புகிறது. காலை எடுத்த பிறகு இடது பக்கம் இழுக்கிறது. இந்த வலது பக்கத் திருப்பம் என் கண்ணில் படவே இல்லை, உங்கப்பாவும் சொன்னதில்லை. திரும்பி வந்ததும் பாய் முன் சக்கரங்கள் இரண்டிலும் ஒரு கை தண்ணீர் தெளித்தார். வலது பக்கம் வழிந்து போனது. இடது பக்கம் சுர்ரென்று ஆவியானது. கருகல் வாடை வேறு.

ஜாக்கி போட்டு வலது சக்கரத்தைச் சுற்றினார், தாராளமாகச் சுற்றியது. பிரேக்கை ஒருமுறை மிதித்துவிடச் சொல்லி இடது சக்கரத்தைச் சுற்றினார், இரண்டு கையாலும் நகரவில்லை. பிரேக் பேடை அழுத்திப் பிடிக்கும் காலிப்பர் ஜாம் என்று நான் தீர்ப்புச் சொல்லிவிட்டேன். 'அவசரப்படாதீங்க தம்பி' என்று காலிப்பரில் ஆயிலை வெளியே விடுவதற்கு இருக்கும் நிப்பிளை ஸ்பேனரால் கால் திருகு திருகினார். கொஞ்சம் ஆயில் பீய்ச்சியது, உடனே சக்கரம் விட்டுக்கொடுத்தது. பேடைத் தள்ளும் பிஸ்டனோ காலிப்பர் வழுக்கி நகரும் பின்னோ துருவேறிப் பிடித்திருந்தால் நிப்பிளைத் திறந்தாலும் சக்கரம் சுற்றாதாம். திறந்ததும் சுற்றினால் அழுத்தம் உள்ளே மாட்டிக்கொண்டிருந்தது என்று அர்த்தம். வலது சக்கரத்துக்கு அந்தத் தொல்லை இல்லாததால் பெடலின் அழுத்தத்தை எல்லாச் சக்கரத்துக்கும் அனுப்பும் மாஸ்டர் சிலிண்டர் மேல் பெரிதாகச் சந்தேகம் இல்லை. மிச்சம் இருப்பது சக்கரத்துக்கு ஆயில் போகிற அந்த ஒரு முழ ரப்பர் ஹோஸ்தான்.

கழற்றிய ஹோஸைப் பிளேடால் நெடுக அறுத்துக் காட்டினார். வெளியே ஒரு கீறல் கிடையாது. உள்ளே தொண்டை கட்டினவன் மாதிரி ரப்பர் வீங்கி, ஊசி நுழையும் அளவுதான் வழி. 2011 வண்டி, ஹோஸை யாரும் மாற்றியதே இல்லை. காலால் மிதிக்கிற வேகத்துக்கு ஆயில் எப்படியோ இடித்துக்கொண்டு உள்ளே போய்விடும், கொஞ்சம் தாமதமாக. அந்தத் தாமதத்தில் வலது பிரேக் முந்திக்கொள்கிறது, மூக்கு வலது பக்கம் திரும்புகிறது. காலை எடுத்தால் அதைத் திருப்பித் தள்ள ஆளில்லை. ஆயில் உள்ளேயே நிற்கிறது, இடது பிரேக் பிடித்தபடியே இருக்கிறது. வண்டி ஏன் கொஞ்ச நாளாகப் பெட்ரோல் குடிக்கிறது என்றும் அப்போதுதான் விளங்கியது.

இரண்டு பக்க ஹோஸும் மாற்றியாயிற்று, ஒன்றை மட்டும் மாற்றக் கூடாது என்றார் பாய். பிரேக் பேடும் ஜோடியாகப் புதுசு. இடது பேடு தகடு வரை தேய்ந்திருந்தது, வலதில் பாதி மிச்சம். பழைய ஆயில் டீ டிகாஷன் நிறத்தில் வந்தது. அதையும் முழுக்க மாற்றினோம். இரண்டு வருஷத்துக்கு ஒருதரம் மாற்ற வேண்டிய ஆயில் அது, காற்றில் இருக்கும் ஈரத்தை இழுத்துக்கொள்ளும்.

இனிமேல் சொல்வதைக் கொஞ்சம் நிதானமாகப் படி. ஈரம் ஏறிய ஆயில் சீக்கிரம் கொதிக்கும். கொதித்தால் குமிழி. குமிழி வந்தால் பெடல் தரை வரை போகும், வண்டி நிற்காது. வருகிற லீவில் பிள்ளைகளோடு காரையாறு மலையில் இருக்கும் சொரிமுத்தய்யனார் கோயிலுக்குப் போவதாகத் திட்டம் போட்டிருக்கிறாய், வெள்ளைச்சியில், உங்கப்பா ஓட்ட. காரையாறிலிருந்து பாபநாசம் வரை இறக்கம், பிரேக்கை அடிக்கடி மிதிக்க வேண்டியிருக்கும். பழுது பார்க்காமல் போயிருந்தால், ஏற்கெனவே கொதிக்கும் சக்கரத்தோடு. பாய் இதைச் சொன்னபோது எனக்கு உள்ளங்கை வேர்த்துவிட்டது.

இன்னொன்று. மாசக்கணக்காக வலது தோள் வலிக்கிறது, வயசுக் கோளாறு என்று தைலம் தேய்க்கிறாரே உங்கப்பா, அந்தக் கையால்தான் வண்டியை வலது பக்கம் இழுத்து ஓட்டிக்கொண்டிருந்தார். நாளுக்கு நாள் கொஞ்சமாகக் கூடியதால் இழுப்பு இவ்வளவு ஆனது அவருக்கே தெரியவில்லையா, தெரிந்தும் சொல்லவில்லையா என்று எனக்குப் புரியவில்லை. இரண்டாவதுதான் என்று சந்தேகம். சொன்னால் நீ சாவியை வாங்கிவிடுவாய் என்று பயம். தோள் இன்னும் வலிக்கத்தான் செய்கிறது, ஆகவே டாக்டரிடம் காட்ட வேண்டும். கண்ணிலும் இடது பக்கம் புரை ஆரம்பித்திருக்கிறது, ராத்திரி ஓட்ட வேண்டாம் என்று சொல்லி அனுப்பினார்கள். அதையும் உன்னிடம் மறைத்திருப்பார்.

சாவியைப் பிடுங்காதே. உங்கம்மா போன பிறகு அந்த வண்டி ஒன்றுதான் அவரை வீட்டைவிட்டு வெளியே கொண்டுவருகிறது. பகலில், அம்பாசமுத்திரம் வரை ஓட்டட்டும். மலைக்கு மட்டும் வேண்டாம். அன்றைக்கு நான் வந்து ஓட்டுகிறேன், பம்ப் செட் எதுவும் வழியில் இல்லை என்று அவரிடம் சொல்லிவிடு. கண் ஆபரேஷன் விஷயத்தை நீதான் பேச வேண்டும், என் பேச்சு எடுபடாது. தொப்பி சொன்னான் என்று சொல்லிக்கொள், அவனுக்கு எப்படியும் உன்மேல் கோபம்தான். பாய் பில்லை உங்கப்பாவே கொடுத்துவிட்டார், நீ எனக்குப் பணம் கிணம் அனுப்பிவைக்காதே.

அன்புடன்,
சங்கரன்