கதவுள்ள ஓர் அறை கேட்டு, மூன்றாம் முறையாக

மறுவாழ்வுப் பிரிவு நிர்வாகத்தாருக்கு,

வணக்கம். போன செவ்வாய்க்கிழமை, தாழ்வாரத்தில் நான் இசை சிகிச்சை கொடுத்துக்கொண்டிருந்தபோது நடந்தது உங்கள் காதுக்கு வந்திருக்கும். எந்த மாதிரி வந்திருக்குமோ, அதனால் நானே எழுதிவிடுகிறேன்.

காசிமேட்டு அண்ணன் ஒருவர், மீன் ஏலம் விட்டவர். பக்கவாதத்தில் மூளையின் இடப்பக்கம் அடிபட்டு, வலது கையோடு பேச்சும் போனது. நாம் சொல்வது புரியும். பதிலுக்குச் சொல் வராது. ஆனால் ஏலக் குரலை எடுத்துக் கொடுத்தால், "நூறு, நூத்திப்பத்து" என்று கூடவே ஏறி வருவார். பேச்சு போனவருக்குப் பாட்டு மிஞ்சும் என்பதை வைத்து 1973-இலேயே பாஸ்டன் ஆய்வாளர்கள் ஒரு முறையை எழுதினார்கள். சொல்லை இரண்டே சுரத்தில் இழுத்துப் பாடி, இடது கையால் தட்டி, பிறகு மெட்டை மெல்லக் கழற்றிவிட்டுப் பேச்சை நிற்க வைப்பது. உங்களுக்குத் தெரியாததில்லை. ஆறு வாரமாக அந்த ஏல மெட்டில் "தண்ணி குடு" ஏற்றிக்கொண்டிருந்தோம்.

செவ்வாயன்று "தண்ணி" வந்தது. "குடு" வருவதற்குள் மருந்து கவுண்டர் ஒலிபெருக்கி, "டோக்கன் நாற்பத்தேழு" என்றது. அண்ணனும் "நாப்பத்தேழு" என்றார். அவ்வளவுதான். இந்த நோயில் ஒரு சொல் ஒட்டிக்கொண்டால் லேசில் விடாது. அப்புறம் எதைக் கேட்டாலும் நாப்பத்தேழு. "இன்னாம்மா, தண்ணி கேளுன்னா டோக்கன் கேக்குறாரு" என்று அண்ணி சிரிக்கப் பார்த்தார். அண்ணன் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

கதவுள்ள ஓர் அறை. வாரத்தில் இரண்டு காலை. பிப்ரவரியிலும் ஜூனிலும் கேட்டது இதையேதான்.

வந்தது ஒரு சுற்றறிக்கை. கானா போன்றவற்றைத் தவிர்த்து, அமைதி தரும் இசையை ஒலிக்கச் செய்யலாமாம். கூடவே வீணை இசை நிரப்பிய பென் டிரைவ். வீணைமேல் எனக்கென்ன கோபம்? ஆனால் இந்த ராகம் ரத்தக் கொதிப்புக்கு, அந்த ராகம் தூக்கத்துக்கு என்று சீட்டு எழுதித் தருகிற வேலையில்லை இது. புளியந்தோப்பில் சாவு வீடுகளில் கானா பாடிய தாய்மாமன் பின்னால் தாளம் தட்டித் திரிந்தவள் நான். அழ வராமல் உட்கார்ந்திருப்பவர் முகத்தைப் பார்த்துத்தான் மாமா வேகத்தைக் குறைப்பார். ஆளின் மனம் இருக்கும் இடத்துக்கு இசை முதலில் இறங்க வேண்டும், பிறகே கைபிடித்து நகர்த்த வேண்டும் என்று பட்டய வகுப்பில் சொன்னபோது, எனக்கு மாமா ஞாபகம்தான் வந்தது. வருபவரின் பாட்டு எதுவோ, அதிலிருந்துதான் இன்றும் தொடங்குகிறேன்.

எங்கள் பக்கத்தில் கொடுங்கையூர்க் குப்பைக்கு இடம் இருக்கிறது, எண்ணூர்ச் சாம்பலுக்கு இடம் இருக்கிறது. பத்துக்குப் பத்து அறைக்குத்தான் பஞ்சம். கானா சத்தம் என்றால், டோக்கன் கூப்பிடுவது என்ன, சங்கீதமா?

மன்னிக்கவும், கேட்க வந்ததை விட்டு எங்கோ போகிறேன். இரண்டாம் மாடியில் உடைந்த நாற்காலிகள் அடுக்கிய அறைக்குக் கதவு இருக்கிறது, பார்த்துவிட்டேன். நாற்காலிகளை நாங்களே இறக்கிக்கொள்கிறோம். சாவியை மட்டும் தயவுசெய்து தாருங்கள். அண்ணன் வருகிற செவ்வாய் ஒன்பதரைக்கு வருகிறார்.

இப்படிக்கு,
தாழ்வாரத்து இசை சிகிச்சையாளர்