படபடப்போடு வருபவருக்கு எந்த மூச்சு?

அன்புள்ள மீனாட்சி,

கல்லூரியில் மனநல ஆலோசகராகச் சேர்ந்துவிட்டாய் என்று அறிந்து மிகவும் மகிழ்ந்தேன். தேர்வு நேரத்தில் படபடப்போடு வரும் பிள்ளைகளுக்கு என்ன மூச்சுப் பயிற்சி சொல்லித் தரலாம் என்று கேட்டிருந்தாய். எதைச் சொல்லக் கூடாது என்பதிலிருந்தே தொடங்குகிறேன். "நல்லா ஆழமா மூச்சை இழு" என்று சொல்லிவிடாதே.

பதற்றத்தில் இருப்பவர் பெரும்பாலும் தேவைக்கு மேல் மூச்சு விட்டுக்கொண்டுதான் இருப்பார். அதனால் ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு குறையும், மூளையின் ரத்தக் குழாய்கள் சுருங்கும். தலைசுற்றல், விரல் நுனியிலும் உதட்டைச் சுற்றியும் மரமரப்பு, காற்றே போதவில்லை என்ற தவிப்பு எல்லாம் அப்படி வருபவை. இன்னும் பெரிதாக இழுக்கச் சொன்னால் இவை கூடும். "இதெல்லாம் எனக்கு ஒத்துக்காது" என்று பிள்ளை எழுந்து போய்விடும். மூச்சு மெதுவாக வேண்டும், பெரிதாக அல்ல. காகிதப் பைக்குள் மூச்சு விடச் சொல்லும் பழைய வழக்கமும் வேண்டாம். வந்திருப்பது ஆஸ்துமாவாகவோ மாரடைப்பாகவோ இருந்தால் ஆக்சிஜன் குறைந்து உயிருக்கே ஆபத்தாகும்.

பேசிக்கொள்ளாத ஒரு நிமிடத்தில் அவருடைய மூச்சை எண்ணிக்கொள். சொல்லிவிட்டு எண்ணினால் மூச்சு மாறிவிடும். ஓய்வாக இருக்கும் பெரியவர்களுக்கு 12 முதல் 20 வரை இருக்கும். நாம் போய்ச் சேர வேண்டியது ஏறத்தாழ 6: 4 வினாடி உள்ளே, 6 வினாடி வெளியே. நிமிடத்துக்கு 24 மூச்சு விடுபவரை ஒரேயடியாக அங்கே கொண்டுபோனால் மூச்சு முட்டும். 2 உள்ளே, 3 வெளியே என்று தொடங்கு. பழகியதும் 3க்கு 4, பிறகு 4க்கு 6. முதுகைச் சாய்த்து, பாதம் தரையில் பட உட்காரட்டும். ஒரு கை மார்பில், ஒரு கை வயிற்றில். வயிற்றின் மேல் உள்ள கை மெல்ல அசைந்தால் போதும். பலர் வயிற்றை வலிந்து தள்ளுவார்கள், அல்லது தோளைத் தூக்குவார்கள். மூக்கால் இழுத்து, சூடான பாலை ஊதுவதுபோல் உதட்டைக் குவித்து விடலாம். மூச்சு வெளியேறும்போது நாடித் துடிப்பு சற்றுத் தளர்வதை மணிக்கட்டில் விரல் வைத்து அவரே உணரலாம். அது நம் விளக்கத்தைவிட நன்றாக நம்பவைக்கும். நடுவில் தலை சுற்றினால் அளவு பெரிதாகிவிட்டது என்று பொருள். இன்னும் சிறிதாக இழுக்கச் சொல். தினம் இரண்டு வேளை, 5 நிமிடம், மனம் அமைதியாக இருக்கும்போதே பழக வேண்டும். தேர்வறை வாசலில் முதன்முதலாகச் செய்தால் கைகொடுக்காது.

யோகா வகுப்பில் 1:4:2 என்று (இழுப்பது 1 பங்கு, அடக்குவது 4, விடுவது 2) பழகிய பிள்ளைகளிடம், படபடப்பின்போது கும்பகம், அதாவது மூச்சை அடக்குவது, வேண்டாம் என்று சொல். வன்முறையையோ விபத்தையோ கடந்து வந்தவர்களிடம் கண்ணை மூடச் சொல்லாதே. மூச்சைக் கவனிப்பதே சிலருக்குப் பழைய அச்சத்தைக் கிளப்பும். அவர்களுக்குப் பாதம் தரையில் பதிவதைக் கவனிப்பது நல்லது.

பீதித் தாக்கம் (panic attack), அதாவது திடீரென எழும் கடும் பயம், திரும்பத் திரும்ப வருபவர்கள் விஷயம் வேறு. 'மூச்சுப் பயிற்சி செய்ததால்தான் பிழைத்தேன்' என்ற எண்ணம் வேரூன்றினால் பயம் அப்படியே தங்கிவிடும். பல சோதனைகளைத் தொகுத்த 2018ஆம் ஆண்டு ஆய்வொன்றில், இந்தப் பீதி நோயைக் குறைப்பதில் மூச்சுப் பயிற்சியின் பங்கு சிறிதாகவே இருந்தது. சிகிச்சையை விட்டுவிடாமல் தொடர அது உதவியது. அதிகப் பலன் தந்தது, அஞ்சும் உடல் உணர்வுகளை வேண்டுமென்றே வரவழைத்துப் பழகுவது. ஒரு நிமிடம் வேகமாக மூச்சு விடச் செய்து, வரும் தலைசுற்றல் தானாக அடங்குவதைப் பார்க்க வைப்பது அதில் ஒரு முறை. ஆஸ்துமா, வலிப்பு, இதய நோய் உள்ளவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் மருத்துவரைக் கேட்காமல் இதைச் செய்யாதே.

முதல்முறை நெஞ்சுவலி என்று வந்தால் பயிற்சி எதுவும் வேண்டாம், மருத்துவரிடம் அனுப்பு. சர்க்கரை நோயுள்ள பிள்ளை வாந்தியோடு வேகமாக, ஆழமாக மூச்சு விட்டால் உடனே மருத்துவமனைக்கு. ரத்தத்தில் ஏறிய அமிலத்தை உடல் அப்படித்தான் வெளியேற்றப் பார்க்கும். அந்த மூச்சை நாம் தடுக்கக் கூடாது.

உன் அறைக்கு வரும் பிள்ளைகளில் எத்தனை பேர் தூக்கமின்மையையும் சொல்கிறார்கள் என்று எழுது. அவர்களுக்கு இரவில் செய்யும் முறையைத் தனியாக எழுதுகிறேன்.

அன்புடன்,
கலா