தீர்ப்பு வந்த பிறகும் எங்களுக்கு வக்கீல் வேண்டும்: பார் கவுன்சிலுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாடு மற்றும் புதுச்சேரி பார் கவுன்சிலின் தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும்,

வணக்கம். பாலாற்றங்கரை ஊரொன்றில் வாழும் நான் சட்டம் படித்தவன் அல்லன். ஆயினும் தோல் ஆலைக் கழிவால் பாழான எங்கள் கிணறுகளுக்காக உச்ச நீதிமன்றத்தில் வாதாடிய ஒரு வழக்கறிஞரின் பணிவாழ்வை முன்வைத்துத் தங்களிடம் ஒரு கோரிக்கை வைக்கிறேன்.

ஜம்மு காஷ்மீரின் ரஜௌரியில் பிறந்த எம்.சி. மேத்தா, 1980-களின் தொடக்கத்தில் டெல்லிக்கு வந்து உச்ச நீதிமன்றத்தில் தொழில் நடத்தத் தொடங்கியவர். தாஜ்மகாலை அரிக்கும் ஆலைப் புகைக்கு எதிராக 1984-இலும், கங்கையில் கலக்கும் கழிவுகளுக்கு எதிராக 1985-இலும் தம் பெயரிலேயே ரிட் மனு (உரிமையைக் காக்க நீதிமன்றத்தின் ஆணையை நேரடியாகக் கோரும் மனு) தாக்கல் செய்தார். 1985 டிசம்பரில் டெல்லி ஸ்ரீராம் ஆலையில் ஓலியம் என்னும் அமில வாயு கசிந்தபோது, அந்த ஆலைக்கு எதிராக ஏற்கெனவே நிலுவையில் இருந்த அவரது வழக்கில்தான், ஆபத்தான தொழிலை நடத்துவோர் எந்தச் சாக்கும் சொல்லிப் பொறுப்பிலிருந்து தப்ப முடியாது என்ற கோட்பாடு பிறந்தது. 1997-இல் பொதுச் சேவைக்கான மகசேசே விருது அவரைத் தேடி வந்தது. விருதைவிட என்னை வியக்கவைப்பது வேறொன்று: தாஜ்மகால் வழக்கில் தீர்ப்பு வந்த நாள் 1996 டிசம்பர் 30. பன்னிரண்டு ஆண்டுகள் அவர் அந்த வழக்குக் கட்டை இறக்கி வைக்கவில்லை.

தோல் ஆலைக் கழிவுக்கு எதிராக வேலூர் குடிமக்கள் நல மன்றம் 1991-இல் தொடுத்த வழக்கிலும் அவரே முன்னின்றார். ஒரு கிலோ தோலைப் பதனிட ஏறத்தாழ 35 லிட்டர் தண்ணீர் செலவாகிறது என்பதும், தோல் ஆலைகள் சூழ்ந்த பகுதியில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ பாழாகிவிட்டது என்பதும் 1996 ஆகஸ்ட் 28 தீர்ப்பிலேயே பதிவாகியுள்ளன. மாசுபடுத்தியவரே ஈடுகட்ட வேண்டும் என்பதும், கேட்டை வருமுன்பே தடுக்க வேண்டும் என்ற முன்னெச்சரிக்கைக் கோட்பாடும் இந்நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று அறிவிக்கப்பட்டது அந்தத் தீர்ப்பில்தான். மேத்தாவுக்குக் கட்டணமாகவும் செலவுத்தொகையாகவும் 50,000 ரூபாய் வழங்குமாறு தமிழ்நாடு அரசுக்கு நீதிமன்றம் ஆணையிட்டது. ஐந்தாண்டு உழைப்புக்கு அது எம்மாத்திரம் என்பதைத் தங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

அதன் பிறகு நடந்ததுதான் இம்மடலுக்குக் காரணம். தீர்ப்பின்படி, பாதிப்பை மதிப்பிட்டு ஈட்டை நிர்ணயிக்க ஓர் ஆணையம் அமைந்தது. 2001-இல் நஷ்டஈடும் நிர்ணயிக்கப்பட்டது. ஆனால் பாலாற்றில் கழிவு கலப்பது நிற்காததால், 2025 ஜனவரி 30 அன்று உச்ச நீதிமன்றம் மீண்டும் ஒரு விரிவான தீர்ப்பை எழுத நேர்ந்தது. ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையில் குழு அமைக்கவும், விடுபட்டவர்களுக்கு ஈடு வழங்கவும் அது பணித்தது. இரண்டு தீர்ப்புகளுக்கும் இடையில் 28 ஆண்டுகள். தீர்ப்பு வாங்கித்தர டெல்லியில் ஒருவர் இருந்தார். அது நிறைவேறுகிறதா என்று ஒவ்வொரு மாதமும் கேட்க உள்ளூரில் ஆளில்லை. எங்கள் தெருவிலேயே, மனு எந்த மேசையில் கிடக்கிறது என்று தெரியாமலே கண்மூடியவர்கள் உண்டு.

ஆகவே வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் ஆகிய மூன்று மாவட்டங்களிலும் தலா இரண்டு இளம் வழக்கறிஞர்களை இப்பணிக்கென நியமிக்குமாறு வேண்டுகிறேன். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் ஆய்வறிக்கைகளைக் கேட்டு வாங்குவதும், நஷ்டஈட்டுப் பட்டியலை ஊர் ஊராகச் சரிபார்ப்பதும், தவறு கண்ட இடத்தை நீதிபதி குழுவுக்கு எழுதித் தெரிவிப்பதும் அவர்கள் வேலையாக இருக்கட்டும். வாதத் திறமையைவிடப் பொறுமையை அதிகம் கேட்கும் வேலை இது. பேரும் புகழும் கிடைக்காது. அதனாலேயே ஊதியம் கிடைக்க வேண்டும். ஜூனியர் வழக்கறிஞர்களுக்குச் சென்னை, மதுரை, கோவையில் 20,000 ரூபாயும் பிற இடங்களில் 15,000 ரூபாயும் குறைந்தபட்ச உதவித்தொகை தரவேண்டும் என்று 2024-இல் தாங்களே சுற்றறிக்கை விடுத்தீர்கள். அந்த 15,000 ரூபாயை இந்த ஆறு பேருக்கும் கவுன்சிலே வழங்கினால், மாதம் 90,000 ரூபாய் ஆகும்.

அடுத்த கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் இதைச் சேர்த்து, முடிவு எதுவாயினும் எழுத்து வடிவில் தெரிவிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
பாலாற்றங்கரைக் குடியானவன் ஒருவன்