கொஞ்சம் குனிந்து நின்ற 99-க்கு

அன்புள்ள பார்பரா ஃபெல்டன் அம்மா அவர்களுக்கு,

வணக்கம். போன மாதம் ஒரு ராத்திரி, என் மகள் ரிமோட்டை அழுத்திப் படத்தை நிறுத்திவிட்டு, "ஏம்மா, இவங்க எப்பப் பாத்தாலும் எதுலயாவது சாஞ்சுக்கிட்டே இருக்காங்க?" என்று கேட்டாள். திரையில் 'கெட் ஸ்மார்ட்' தொடரின் ஏஜென்ட் 99 ஆக நீங்கள். ஒரு தோள் சுவரில், ஒரு முட்டி லேசாக மடங்கி, தலை ஒரு பக்கம் சாய்ந்து. பக்கத்தில் உங்களோடு ஜோடியாக நடித்த டான் ஆடம்ஸ் கோட்டு சூட்டில் விறைப்பாக நிற்கிறார். இரண்டு பேர் கண்ணும் ஒரே மட்டத்தில் இருந்தன.

அவள் கேட்டதிலிருந்து உங்களுக்கு எழுதியே ஆக வேண்டும் என்று இருந்தது.

'கெட் ஸ்மார்ட்' தொடரை நான் முதலில் பார்த்தது 1992-ல், நியூ ஜெர்சியில், கேபிளில் வந்த மறு ஒளிபரப்பில். கல்யாணமாகி வந்த புதிது. கணவருக்கு நைட் ஷிஃப்ட். பேச ஆளில்லாத வீட்டில் ராத்திரியானால் டிவிதான் துணை. எனக்குத் தெரிந்த இங்கிலீஷ் பாடப்புத்தகத்து இங்கிலீஷ். மற்ற தொடர்களில் பேசுவது பாதி புரியாது. டான் ஆடம்ஸ் மட்டும் ஒவ்வொரு வார்த்தையையும் கத்தரித்துக் கத்தரித்துப் போடுவார். முதல் முதலாக ஒரு அமெரிக்க ஜோக்குக்கு, பதிவு செய்து வைத்த அந்தச் சிரிப்புச் சத்தம் வருவதற்கு முன்னாலேயே நான் சிரித்தது அவரால்தான். அப்போதெல்லாம் நான் அவரை மட்டுமே பார்த்தேன். உங்களைப் பார்க்கவே இல்லை என்று இப்போது தெரிகிறது.

உங்களுக்குத் தெரியாத கதையில்லை. ஆனாலும் இதைப் படிக்கும் நம் ஆட்களுக்காக இரண்டு வரி சொல்லிவிடுகிறேன். ஜேம்ஸ் பாண்ட் மோகம் உச்சத்தில் இருந்தபோது அந்த மாதிரி உளவாளிக் கதைகளைக் கிண்டல் செய்து மெல் புரூக்ஸும் பக் ஹென்றியும் உருவாக்கிய நகைச்சுவைத் தொடர் இது. ஏபிசி டிவி வேண்டாம் என்று தள்ளியதை என்பிசி டிவி வாங்கி, 1965 செப்டம்பரில் ஒளிபரப்பத் தொடங்கியது. கன்ட்ரோல் என்ற ரகசிய அமைப்பு, கேயாஸ் என்ற எதிரி அமைப்பு. டான் ஆடம்ஸ் நடித்த மேக்ஸ்வெல் ஸ்மார்ட், கன்ட்ரோலின் ஏஜென்ட் 86. அவரோடு வேலை செய்யும் ஏஜென்ட் 99 நீங்கள். ஷூவைக் கழற்றினால் டெலிஃபோன். ரகசியம் பேசத் தலைக்கு மேல் இறங்கும் 'கோன் ஆஃப் சைலன்ஸ்' என்ற குமிழுக்குள் உட்கார்ந்தால், உள்ளே இருக்கும் இரண்டு பேருக்கே ஒருவர் பேசுவது மற்றவருக்குக் கேட்காது. 5 சீசன், 138 எபிசோட். இப்போது என் வீட்டில் அது 25 டிவிடிகளாக ஒரு பெட்டியில் இருக்கிறது. அதில் அறிமுகம் சொல்வதும் உங்கள் குரல்தான்.

கேபிளில் பார்த்தபோது ஓடுவது ஓடிக்கொண்டே இருக்கும். சிரித்து முடிப்பதற்குள் விளம்பரம் வந்துவிடும். டிவிடியில் நிறுத்தலாம், பின்னால் ஓட்டலாம். ஜோக் சொல்கிறவரை விட்டுவிட்டுப் பக்கத்தில் நிற்பவரைப் பார்க்கலாம். மகளும் நானும் அப்படித்தான் ஒரு மாதமாக உங்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

முதல் எபிசோடையே எடுத்துக்கொள்ளுங்கள். அது ஒன்றுதான் கறுப்பு வெள்ளை. வில்லன் மிஸ்டர் பிக்கிடம் மாட்டிக்கொண்ட மேக்ஸ், கடலோரக் காவல் படையின் ஏழு கப்பல்கள் இந்த இடத்தைச் சுற்றி வந்துகொண்டிருக்கின்றன என்று அளக்கிறார். நம்ப முடியவில்லையே என்கிறான் வில்லன். ஆறு என்றால் நம்புவீர்களா? அதுவும் இல்லையா? சரி, துடுப்புப் படகில் இரண்டு போலீஸ்காரர்கள்? இதை நான் நூறு தடவையாவது பார்த்திருப்பேன். ஏழு இரண்டாக இறங்குவதுதான் வேடிக்கை என்று நினைத்திருந்தேன். நிறுத்தி நிறுத்திப் பார்த்த பிறகு எனக்கு வேறு மாதிரி படுகிறது. பொய் சொல்லத் தெரியாத ஒரு மனிதன், எவ்வளவு அடிபட்டாலும் தன்னம்பிக்கை குறையாத ஒரு மனிதன், அவனை வெறும் முட்டாள் என்று நாம் ஒதுக்கிவிடாமல் இருப்பதற்கு, அவனை மதிக்கிற ஒரு புத்திசாலி பக்கத்தில் இருந்தாக வேண்டும். நீங்கள் அவரைப் பார்க்கிற விதத்தால்தான் நாங்களும் அவரைப் பிரியமாகப் பார்க்கிறோம். நீங்கள் ஒரு தடவை கண்ணை உருட்டியிருந்தால் போதும், மொத்தத் தொடரும் கசந்து போயிருக்கும். ஐந்து வருடம் நீங்கள் அதைச் செய்யவில்லை. வழியை நீங்கள் கண்டுபிடிப்பீர்கள், அதைத் தானே கண்டுபிடித்த மாதிரி அவர் சொல்வார், நீங்கள் "ஓ, மேக்ஸ்" என்பீர்கள். அந்த இரண்டு சொல்லில் கவலை, பெருமை, அலுப்பு, காதல் எல்லாவற்றையும் தனித்தனியாகக் கேட்க முடிகிறது.

இப்போது அந்தச் சாய்வுக்கு வருகிறேன். டான் ஆடம்ஸை விட நீங்கள் உயரம் தெரியக் கூடாது என்பதற்காகவே ஐந்து வருடமும் சாய்ந்தும் உட்கார்ந்தும் வளைந்தும் நடித்தீர்கள். இதை மகளுக்குச் சொன்னேன். அவள் ஒன்றும் பேசாமல் எழுந்து போய் எங்கள் கல்யாண ஆல்பத்தை எடுத்து வந்து என் மடியில் வைத்தாள்.

அம்மா, நான் ஐந்தடி ஒன்பது அங்குலம். எங்கள் ஊரில் அது ஒரு பெண்ணுக்கு அதிகப்படியான உயரம். பள்ளிக்கூடத்தில் எப்போதும் கடைசி வரிசை. பெண் பார்க்க வந்தபோது பாட்டி என் காதருகில் வந்து, "கொஞ்சம் குனிஞ்சாப்ல நில்லும்மா" என்றார். வரவேற்பு மேடையில் போட்டோகிராஃபர் முட்டியை மடக்கச் சொன்னார். பட்டுப்புடவைக்குள் யாருக்கும் தெரியாமல் மடக்கி, மூன்று மணி நேரம் நின்றேன். ஆல்பத்தில் பார்த்தால் நானும் என் கணவரும் ஒரே உயரம். மகள் ஒரு விரலைப் படத்திலும் ஒரு விரலை டிவியிலும் காட்டினாள்.

எனக்கு வருத்தம் வந்தது, ஆனால் உங்கள் மேல் இல்லை. நீங்கள் வளைந்து நின்ற அந்த வேலையை எந்த விருதும் கணக்கில் எடுக்கவில்லை என்பதுதான் வருத்தம். டிவிக்கான எம்மி விருது டான் ஆடம்ஸுக்கு மூன்று. அவருக்குத் தகும். தொடருக்கு 1968-லும் 1969-லும் எம்மி. அதே இரண்டு வருடமும் உங்கள் பெயர் பரிந்துரையில் இருந்தது, கையில் ஒன்றும் வரவில்லை. 1957-ல் 'தி 64,000 டாலர் கொஸ்டின்' என்ற டிவி வினாடி வினா நிகழ்ச்சியில் ஷேக்ஸ்பியரைப் பற்றிய கேள்விகளுக்குப் பதில் சொல்லி ஜெயித்த பெண் நீங்கள். அந்தப் புத்திசாலித்தனத்தை 99-க்குள் எங்கே ஒளித்து வைத்தீர்கள் என்று தேடித் தேடிப் பார்க்கிறோம்.

எல்லாமே பிடித்தது என்று சொன்னால் பொய்யாகிவிடும். ஆசியர் வேஷம் கட்டிய வெள்ளைக்கார நடிகர் ஒருவர் 'தி க்ளா' என்ற பெயரைச் சரியாகச் சொல்ல வராமல் 'க்ரா' என்று சொல்வதே ஜோக்காக வரும் எபிசோடுகளை நாங்கள் தாண்டிவிட்டோம். 1992-லும் நான் அதற்குச் சிரிக்கவில்லை. என் உச்சரிப்பைத் திரும்பச் சொல்லிக் காட்டிச் சிரித்தவர்களோடு பகலெல்லாம் வேலை பார்த்துவிட்டு வந்தவள் நான்.

99 மேக்ஸைக் கல்யாணம் செய்துகொண்ட பிறகும் வேலையை விடவில்லை. இரட்டைக் குழந்தைகள் பிறந்த பிறகும் விடவில்லை. 1969-ல் இது சின்ன விஷயமில்லை. கடைசி வரை அவளுக்குப் பெயர் மட்டும் கிடையாது. முதலில் எனக்கு இது உறுத்தியது. மகளோ, "பேர் இல்லாட்டி என்னம்மா, யாராலயும் மிசஸ் ஸ்மார்ட்னு மட்டும் சொல்லி முடிச்சுட முடியலையே" என்றாள். அதை இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

அவள் இப்போது என்னை விட ஒரு அங்குலம் உயரம். அடுத்த வாரம் பள்ளியில் பிராம் என்ற நடன விருந்து. கூட வருகிற பையன் அவள் காது வரைக்கும்தான் இருப்பான். சனிக்கிழமை செருப்பு வாங்கப் போனோம். கடைக்குள் நுழைந்ததும் என் கை தானாகத் தட்டைச் செருப்பு அடுக்கியிருந்த பக்கம் போனது. அவள் என்னைப் பார்த்தாள். எடுத்ததைத் திரும்ப வைத்துவிட்டேன்.

மூன்று அங்குலக் குதிகால், நல்ல சிவப்பு. வீட்டுக்கு வந்ததும் ஒன்றைக் காலில் மாட்டிக்கொண்டு, மற்றதைக் காதில் வைத்து, "ஹலோ, சீஃப்?" என்றாள். பிறகு சோஃபாவில் உட்கார்ந்து அடுத்த டிஸ்க்கைப் போடச் சொன்னாள்.

இப்படிக்கு,
என்றும் அன்புடன்,
நியூ ஜெர்சியிலிருந்து உங்கள் ரசிகை