தடம் எத்தனை அடி, மாப்ள?

பொள்ளாச்சி

மாப்ள,

பொங்கலுக்கு அப்புறம் ஒரு வரிகூட எழுதவில்லை என்று திட்டுவாய், திட்டிக்கொள். இங்கே எல்லோரும் சௌக்கியம். அம்மிச்சிக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து, இப்போது எங்கள் எல்லோர் குற்றமும் அவளுக்குத் தெளிவாகத் தெரிகிறது.

நீ வாங்கப்போகிற கோபாலபுரம் தோப்புக்கு எழுதிய கிரய அக்ரிமெண்ட்டை, அதாவது விற்பனை ஒப்பந்தத்தை, படித்தேன். போனில் சொன்னால் ‘சரி சரி’ என்று கேட்டுவிட்டுப் போய்க் கையெழுத்துப் போட்டுவிடுவாய். அதனால்தான் காகிதத்தில் எழுதுகிறேன். இப்போதைக்குப் போடாதே.

முதலில் சின்ன விஷயங்கள். ‘இன்று முதல் மூன்று மாத காலத்துக்குள்’ என்று இருக்கிறது. மாதம் என்றால் காலண்டர் மாதம், தொடங்குகிற நாள் கணக்கில் சேராது என்பதுதான் வழக்கம். ஜூன் 10-இல் எழுதினால் செப்டம்பர் 10 வரை உண்டு. ஆனால் 90 நாள் என்று எண்ணுகிறவனுக்கு செப்டம்பர் 8-லேயே முடிந்துவிடும். இந்த இரண்டு நாளுக்கு ஒரு வழக்கா? தேதியையே எழுதச் சொல். அதே வரியில் ‘தவறினால் முன்பணம் திரும்பாது’ என்கிறார்கள். யார் தவறினால்? அவர்கள் மூலப் பத்திரமும் வில்லங்கச் சான்றும் கொடுக்காமல் இழுத்தடித்தாலும் உன் பணம்தான் போகுமா? விற்பவர் தவறினால் என்ன என்று தனி வாக்கியம் வேண்டும்.

அடுத்தது ‘இந்தச் செக்குபந்திக்குள் ஏறக்குறைய பு.ஏ. 2.00’, அதாவது இந்த நான்கு எல்லைக்குள் சுமார் இரண்டு புஞ்சை ஏக்கர், 200 சென்ட். நான்கு எல்லையும் தெளிவாக இருந்து பரப்பு மட்டும் இடித்தால், பொதுவாக எல்லைதான் நிற்கும். அளந்து 192 சென்ட் வந்தாலும் 200 சென்ட்டுக்கு விலை கொடுத்தவன் நீதான். ஒரு சென்ட் 435.6 சதுர அடி. எட்டு சென்ட்டில் ஒரு வீடே கட்டலாம். ‘சர்வேயர் அளந்து வரும் பரப்புக்கு, சென்ட் ஒன்றுக்கு இத்தனை ரூபாய் வீதம்’ என்று மாற்று. ‘ஏறக்குறைய’ போய்விடும்.

கிணறு வரியைப் பார்த்தாயா? ‘கிணற்றில் பாதியும் மின் மோட்டார் பம்புசெட்டும்’. மோட்டார் முழுசும் உனக்கா, அதிலும் பாதியா? நீ ஒரு மாதிரி வாசிப்பாய், பக்கத்துத் தோட்டத்துக்காரர் வேறு மாதிரி வாசிப்பார், இரண்டு பேருமே தப்பில்லை. மின் இணைப்பு எண்ணைப் போட்டு எது முழுசு, எது பொது என்று பிரித்து எழுதவேண்டும். ‘வாரம் மூன்று நாள் முறைத்தண்ணீர்’ என்பதும் போதாது. திங்கள் காலை 6 மணி முதல் வியாழன் காலை 6 மணி வரை என்று எழுதினால் சித்திரையில் மண்வெட்டி தூக்கவேண்டியதில்லை.

இனி என் தூக்கத்தைக் கெடுக்கிற வரி. ‘கீழ்புறம் உள்ள இட்டேரி வழியாகப் போக வர மாமூல் தடப் பாத்தியம் உட்பட.’ கிழக்கே தோட்டங்களுக்கு நடுவில் இருக்கிற சந்து வழியாக, வழக்கம்போலப் போய்வரும் உரிமை என்று அர்த்தம். அவ்வளவுதான். எத்தனை அடி அகலம்? எந்தப் புல எண்ணில்? ஆள் மட்டுமா, வண்டியுமா? 1882-ஆம் வருஷத்து வசதியுரிமைச் சட்டம் 28-ஆம் பிரிவில் தெளிவாகச் சொல்கிறது, ஒருவகைத் தடப் பாத்தியம் இன்னொரு வகையை உள்ளடக்காது. நடக்க விட்டவன் லாரியை விடவேண்டிய கட்டாயமில்லை. உனக்கோ தேங்காய் ஏற்ற லாரி வரவேண்டும், உரம் இறக்க டிராக்டர் வரவேண்டும். தடத்துக்கு அடியில் பைப் பதிக்கிற உரிமையும் நடக்கிற உரிமையில் தானாக வராது.

‘இருபது வருஷமாப் போயிட்டுத்தான் இருக்கோம்’ என்று தரகர் சொன்னாராம். இருபது வருஷம் சும்மா போனால் போதாது. தடையில்லாமல், வெளிப்படையாக, உரிமையோடு போயிருக்கவேண்டும். ‘அண்ணா, கொஞ்சம் வண்டி போய்க்கட்டுங்களா’ என்று கேட்டுப் போனது அந்தக் கணக்கில் வராது. இன்னொன்று, அந்த இட்டேரி யாருடையது? எஃப்எம்பி என்கிற சர்வே அளவுப் படத்தில் தனியாகப் பிரிந்து, கிராமக் கணக்கில் அரசுப் புறம்போக்கு என்று இருந்தால் கவலை பாதி குறையும். பக்கத்துக்காரர் பட்டாவில் இருந்தால், உன் விற்பனையாளர் தன்னிடம் இல்லாததை உனக்கு எழுதித் தருகிறார். அப்போது பக்கத்துக்காரரும் எழுதிக் கொடுக்கவேண்டும்.

இப்படி எழுதச் சொல்: ‘புல எண் இன்னதில், மேற்கு வரப்பை ஒட்டி, தென்வடலாக 15 அடி அகலத்தில், ஆள், கால்நடை, டிராக்டர், லாரி போக வரவும், பூமிக்கடியில் தண்ணீர்க் குழாய் பதித்துப் பராமரிக்கவும் நிரந்தரப் பாத்தியம்.’ கூடவே ஒரு வரைபடத்தை இணைத்து இரு தரப்பும் அதிலும் கையெழுத்துப் போடட்டும்.

விற்பவரை ‘மனுஷன் தங்கம்’ என்கிறாய். தங்கமேதான். ஆனால் பதினைந்து வருஷம் கழித்து இந்தப் பத்திரத்தை எடுத்து வாசிக்கப்போவது அவருடைய மருமகன். அன்றைக்கு ‘அவர் வாய்விட்டுச் சொன்னாரே’ என்று சாட்சி சொல்ல நினைத்தால் அதற்கும் வரம்பு உண்டு. எழுத்திலேயே குழப்பம் அப்பட்டமாகத் தெரிந்தால் வாய்ச்சாட்சியால் அதைச் சரிசெய்ய முடியாது. 1872-ஆம் வருஷத்துச் சாட்சியச் சட்டமே ஓர் உதாரணம் காட்டியது: குதிரையை ‘ஆயிரம் ரூபாய்க்கோ ஆயிரத்து ஐந்நூறுக்கோ’ விற்பதாக எழுதினால், எந்த விலை என்று சாட்சி சொல்ல இடமில்லை. ‘என் வெள்ளைக் குதிரை’ என்று எழுதியவனிடம் இரண்டு வெள்ளைக் குதிரை இருந்தால் மட்டும், எது என்று சாட்சி சொல்லலாம். இப்போது புதுச் சட்டம் வந்துவிட்டது, ஆனால் கொள்கை மாறவில்லை.

உன் மாமனாரின் எண்ணெய்ச் செக்குக்கு ஏற்ற உதாரணமும் ஒப்பந்தச் சட்டம் 29-ஆம் பிரிவில் இருக்கிறது. நூறு டன் எண்ணெய் விற்கிறேன் என்று ஒருவன் எழுதினால், என்ன எண்ணெய் என்று தெரியாததால் ஒப்பந்தம் செல்லாது. ஆனால் எழுதியவன் தேங்காய் எண்ணெய் மட்டுமே விற்கும் வியாபாரி என்றால் செல்லும். அவருக்குப் படித்துக் காட்டு, கல்யாணத்துக்கு அப்புறம் முதல்தடவையாக உன்னை மதிப்பார்.

அக்ரிமெண்ட் எழுதுகிறவர் ‘இதெல்லாம் கிரயப் பத்திரத்தில் பார்த்துக்கலாங்க’ என்பார். ஒத்துக்கொள்ளாதே. பின்னால் தகராறு வந்து, கிரயம் எழுதித் தரச் சொல்லி வழக்குப் போட்டாலும், அக்ரிமெண்ட்டில் இருப்பதைத்தான் கேட்கமுடியும்.

வெள்ளிக்கிழமைக்குள் ஒரு காரியம் செய். மூலப் பத்திரத்தின் செக்குபந்தியில் கிழக்கு எல்லைக்கு என்ன எழுதியிருக்கிறது, ‘இட்டேரி’ என்றா, யாராவது ஆள் பெயரா என்று பார்த்து ஒரு மெசேஜ் போடு. ஆள் பெயர் என்றால் அட்வான்ஸை எண்ணிக் கொடுக்காமல் கையிலேயே வைத்திரு.

உன்
பங்காளி