மாமாவைப் பற்றி டாக்டரிடம் சொன்னாயா?

அன்புள்ள மகளுக்கு,

மாத்திரை ஆரம்பித்து ஒரு வாரமாகியும் குமட்டல்தான் மிச்சம், நிறுத்திவிடட்டுமா என்று கேட்டாய். போனில் பேசினால் என் பேச்சு புலம்பலாகிவிடும், அதனால் எழுதுகிறேன்.

நீயாக நிறுத்தாதே. மனச்சோர்வு மாத்திரையில் தொந்தரவு முதலில் வரும், பலன் பின்னால்தான் வரும். குமட்டலும் தலைவலியும் பெரும்பாலும் ஒன்றிரண்டு வாரத்தில் அடங்கிவிடும். மனசு தெளியத் தொடங்க இரண்டு முதல் நான்கு வாரம் பிடிக்கும். முழுப் பலன் தெரிய இன்னும் கொஞ்ச நாள் ஆகலாம். தாங்க முடியவில்லை என்றால் டாக்டரையே கேள், அளவைக் குறைப்பார், இல்லை வேறு மாத்திரைக்கு மாற்றுவார்.

நான் முக்கியமாகக் கேட்க வந்தது வேறு. உன் சின்ன மாமாவின் வியாதியைப் பற்றி டாக்டரிடம் சொன்னாயா?

உறவில் எல்லோரும் 'நரம்புத் தளர்ச்சி' என்று சொல்லி மூடிவிடுவார்கள். அவனுக்கு இருப்பது பைபோலார், இருமுனைக் கோளாறு; மனசு ஒரு சமயம் சோர்விலும் இன்னொரு சமயம் அளவுமீறிய உற்சாகத்திலும் போய் விழும் வியாதி. ஆரம்பத்தில் அவனும் உன்னைப் போலத்தான் தூக்கம் கெட்டு, சாப்பாடு பிடிக்காமல், சுவரைப் பார்த்தபடி படுத்துக் கிடந்தான். சோர்வுக்கு மட்டும் மாத்திரை கொடுத்தார்கள். சில வாரத்தில் ஆளே மாறிவிட்டான். ராத்திரியெல்லாம் தூங்காமல் பேச்சு, கடன் வாங்கி வியாபாரம், கண்டவர்களுக்கெல்லாம் வாக்குறுதி. தம்பி தேறிவிட்டான் என்று நாங்கள் சந்தோஷப்பட்டோம், கேட்டுக்கொள்!

பைபோலார் உள்ளவருக்குச் சோர்வு மாத்திரையை மட்டும் கொடுத்தால் சிலருக்கு மனம் இப்படி மறுமுனைக்குத் தாவிவிடும். அவர்களுக்கு மனநிலையைச் சமன்படுத்தும் மருந்து வேண்டும். மாமா சாப்பிடுவது லித்தியம். 1949-இல் ஜான் கேட் என்ற ஆஸ்திரேலிய மனநல மருத்துவர் அதன் பலனை எழுதினார். இன்றும் முதல் வரிசையில் இருக்கும் மருந்து அது. ரத்தத்தில் அளவு கூடினால் நஞ்சாகிவிடும் என்பதால் அவ்வப்போது ரத்தப் பரிசோதனை உண்டு, சிறுநீரகத்தையும் தைராய்டையும் பார்ப்பார்கள். முணுமுணுத்துக்கொண்டே போய் வருகிறான்.

உனக்கும் அதுதான் என்று நான் சொல்லவில்லை. ஒரே மரபணு கொண்ட இரட்டையரிலேயே ஒருவருக்கு வந்து மற்றவருக்கு வராமல் போவதுண்டு. வம்சத்தில் கொஞ்சம், பட்ட அடியில் கொஞ்சம், கெட்ட தூக்கத்தில் கொஞ்சம் என்று சேர்ந்துதான் இவையெல்லாம் வருகின்றன. வேலையை விட்டால் சரியாகிவிடும் என்று உன் அத்தை சொல்வதைக் காதில் போட்டுக்கொள்ளாதே. தைராய்டு குறைந்தாலும் இதே சோர்வு வரும், அந்தப் பரிசோதனை செய்தார்களா என்று கேள். முன்பு எப்போதாவது நாலைந்து நாள் சரியாகத் தூங்காமலே களைப்பில்லாமல், அளவுக்கு மீறிய உற்சாகத்தில் இருந்திருக்கிறாயா? இருந்தால் அதையும் மறைக்காமல் சொல்.

இன்னொன்று. முதல் வாரங்களில் உன் வயதுக்காரர்கள் சிலருக்குப் படபடப்போ, செத்துவிடலாம் என்ற நினைப்போ கூடுவதுண்டு. அப்படித் தோன்றினால் அன்றைக்கே டாக்டரைக் கூப்பிடு, எனக்கும் சொல். நடுராத்திரியானாலும் பரவாயில்லை.

கவுன்சலிங் பற்றி நீயே தேடிப் படித்திருப்பாய், அதையும் விடாதே. தேறிய பிறகும் ஆறு மாதமாவது மாத்திரையைத் தொடரச் சொல்வார்கள், இப்போதே மனசைத் தயார்செய்துகொள்.

அடுத்த சந்திப்புவரை காத்திருக்காமல் நாளைக்கே டாக்டரிடம் மாமா விஷயத்தைச் சொல்லிவிடு. அவனிடம் கேட்டுவிட்டேன். "தாராளமா சொல்லட்டும்க்கா, என் மருந்துச் சீட்டையே காட்டட்டும்" என்றான். அதன் நகலை இத்துடன் வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
அம்மா